எந்தக் கப்பல்?

அலாஸ்காவின் ஜூனோவில் சாயங்காலம் வரைக்கும் எங்களிடம் யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. எந்தக் கப்பல் என்றுதான் கேட்டார்கள். பஸ் ஓட்டுநர் கேட்டார், காபிக் கடைப் பெண் கேட்டாள், மழைக்கு ஒதுங்கிய இடத்தில் பக்கத்தில் நின்றவர் கேட்டார். நகைக்கடை வாசலில் நின்ற பையன் என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு "நமஸ்தே ஆன்ட்டி" என்று ஆரம்பித்து, அடுத்த மூச்சில் அதே கேள்வியை இந்தியில் கேட்டான். எனக்கு இதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. கல்யாண மண்டபத்தில் பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று கேட்பதில்லையா, அந்த மாதிரி எடுத்துக்கொண்டேன். இவருக்கு மட்டும் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. "மனுஷன்னு பாக்கறானா பாரு, கன்டெய்னர் சரக்கு மாதிரி எந்தக் கப்பல்ல வந்தேன்னு கேக்கறான்" என்றார். அன்றைக்கு ஆரம்பித்த வாக்குவாதம் எங்கள் வீட்டில் இன்னும் முடிந்தபாடில்லை. எழுதிப் பார்த்தாலாவது என் பக்கம் எனக்குத் தெளிவாகுமா என்று பார்க்கிறேன்.

பையன் சியாட்டிலில் இருக்கிறான். எங்கள் கல்யாண நாளுக்கு அவனும் மருமகளும் எடுத்துக் கொடுத்த அலாஸ்கா கப்பல் பயணம் இது. 2024 ஜூலை. அலாஸ்கா அமெரிக்காதானே, அமெரிக்க விசா போதாதா என்று நினைக்கிற பெற்றோர்களுக்கு முதலில் ஒரு தகவல்: போதாது. சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கினாலும் கனடா விசாவும் வேண்டும். வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையிலேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886-ல் போட்ட சட்டம் ஒன்று இன்னமும் உயிரோடு இருக்கிறது. இந்த ராட்சசக் கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா மாதிரி நாடுகளில் பதிவானவை. அதனால் சட்டத்துக்குக் கணக்குக் காட்ட, கடைசி ராத்திரி கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். இருட்டில் ஒரு துறைமுகத்தின் விளக்குகளைப் பார்ப்பதற்காக நாங்கள் கைரேகை கொடுத்து, பேங்க் ஸ்டேட்மென்ட் கொடுத்து, பாஸ்போர்ட் திரும்பி வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சரி, அது கிடக்கட்டும்.

இவர் ஊட்டிக்காரர். காந்தலில் பிறந்து வளர்ந்தவர். நான் மதுரை. இந்த ஒன்றைச் சொல்லாமல் ஜூனோவைப் பற்றி என்னால் எழுத முடியாது. கல்யாணமான புதிதில், மே மாதம் மாமியார் வீட்டுக்குப் போகலாமா என்று ஆசையாகக் கேட்டேன். இவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "மே மாசமா? சீசன்ல எவனாவது ஊட்டிக்குப் போவானா?" ஊட்டிக்கு மே மாதம் போகாமல் வேறு எப்போது போவார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. நாங்கள் எல்லாம் அப்படித்தானே போயிருக்கிறோம். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தார். லீவில் ஆலைக் குடும்பங்கள் மூன்று சேர்ந்து ஒரு வேன் பிடிக்கும். தூக்குவாளியில் புளியோதரை, சாக்கில் அரிசி, பம்ப் ஸ்டவ். பர்லியாறு பக்கம் வண்டியை ஓரங்கட்டி உலை வைத்தால் குரங்குகளைத் துரத்தவே இரண்டு பேர் வேண்டும். மேலே போனதும் மலர்க் கண்காட்சி, படகு, பைக்காரா, திபெத்தியர் கடையில் ஒரு ஸ்வெட்டர். திரும்பும்போது நீலகிரித் தைலம். அந்த வேனுக்கு வழிவிட முடியாமல் சேரிங் கிராஸில் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்த பையன்களில் ஒருவரைத்தான் பிறகு நான் கட்டிக்கொண்டேன்.

ஐந்து கப்பல் நாள்

ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம். ஆனால் வெளியூரிலிருந்து அதற்குச் சாலை கிடையாது. ஊருக்குள் ஓடுகிற சாலை வடக்கே நாற்பது மைல் போல் போய்க் காட்டுக்குள் முடிந்துவிடுகிறது. வருவதானால் விமானம் அல்லது கப்பல். முன்னால் காஸ்டினோ கால்வாய், பின்னால் செங்குத்தாக இரண்டு மலைகள், நடுவில் கிடைத்த துண்டு நிலத்தில் ஊர். அந்தத் துண்டிலும் கடலோரப் பகுதி தங்கச் சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய கல்லைப் போட்டு மேடாக்கியது. 1880-ல் அங்கத்திய பூர்வகுடிகளான ஆக் மக்களின் தலைவர் கோவீ, தங்கம் தேடி வந்த இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு ஓடையைக் காட்டிக் கொடுத்தார். ஊருக்குப் பெயர் வந்தது அவர்களில் ஒருவருடையது, கோவீயுடையது இல்லை. 1944-ல் கடைசிப் பெரிய சுரங்கமும் மூடிவிட்டது. சட்டமன்றம் தை மாதவாக்கில் கூடி வெயில் வருவதற்குள் கலைந்துவிடும். அந்தக் கட்டடத்துக்குக் கோபுரமோ குவிமாடமோ கிடையாது, நம் ஊர்க் கலெக்டர் ஆபீஸ் இதைவிட எடுப்பாக இருக்கும்.

மொத்தம் சுமார் 32,000 பேர் வாழ்கிற ஊர். 2023-ல் அங்கே கப்பலில் வந்து இறங்கியவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். அதுவும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைக்குள். 2024 சீசனிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பலுக்கு மேல் கூடாது என்று நகராட்சியும் கப்பல் கம்பெனிகளும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். நாங்கள் போன அன்றைக்கு ஐந்துமே வந்திருந்தன. நான்கு கரையை ஒட்டி நின்றன. இடம் கிடைக்காத ஐந்தாவது தண்ணீரில் நங்கூரம் போட்டு, ஆட்களைச் சின்னப் படகுகளில் அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் ஊரின் வீட்டுக் கூரைகள் கண்ணுக்குக் கீழே தெரிந்தன. பன்னிரண்டு மாடி உயரத்தில் நின்று ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் துணி காய்வதைப் பார்ப்பது போல (துணி காயவில்லை, அங்கே எந்நேரமும் தூறல்). இவர் சட்டென்று கேபினுக்குள் போய்விட்டார்.

இறங்கினால் தெற்கு ஃப்ராங்க்ளின் தெரு. வைரம், டான்சனைட், மறுபடி வைரம், டி-ஷர்ட், பொரித்த நண்டு, வைரம். பொட்டைப் பார்த்துக் கூப்பிட்ட பையனிடம் நின்று கொஞ்ச நேரம் பேசினேன். ஜெய்ப்பூர்ப் பக்கமாம். அக்டோபரில் இங்கே ஷட்டரை இழுத்துவிட்டு கரீபியன் தீவு ஒன்றில் இதே முதலாளியின் கடைக்குப் போய்விடுவானாம். குளிர்காலத்தில் அலாஸ்காவை விட்டுக் கப்பல்கள் அங்கே போகின்றன, கடையும் பின்னாலேயே போகிறது. ஜூனோவின் குளிர்காலத்தை அவன் பார்த்ததே இல்லை. பனி பெய்யும்போது இந்தத் தெரு எப்படி இருக்கும் என்று கேட்டேன். "பலகை அடிச்சிருக்கும் ஆன்ட்டி" என்றான்.

கப்பல் துறையில் ஒரு நாய்க்குச் சிலை இருக்கிறது. அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பாட்ஸி ஆன். புல் டெரியர் சாதி. பிறவியிலேயே காது கேட்காது. ஆனால் கப்பல் வருவது மனிதர்களுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அதற்குத் தெரிந்துவிடுமாம், எந்தத் துறைக்கு வருகிறதோ அங்கே போய் நின்றுவிடுமாம். 1934-ல் நகர மேயர் அதை ஊரின் அதிகாரபூர்வ வரவேற்பாளர் என்றே அறிவித்தார். 1942-ல் இறந்தது. ஐம்பது வருஷம் கழித்து வெண்கலத்தில் வார்த்து, கப்பலைப் பார்த்தபடி உட்கார வைத்திருக்கிறார்கள். மழையில் நனைந்த அதன் தலையை வருகிறவர்கள் எல்லாரும் தடவித் தடவி அந்த இடம் மட்டும் பளபளத்துக் கிடக்கிறது. நானும் தடவினேன். அந்தக் காலத்தில் கப்பல் என்றால் கடிதம், உருளைக்கிழங்கு, ஊருக்குப் போயிருந்த பெண்டாட்டி. யாருக்காவது ஏதாவது வந்தது. நாய் ஓடியதில் ஆச்சரியமில்லை. "இப்ப உயிரோட இருந்தா மெண்டன்ஹால் பக்கம் ஓடிப்போய் ஒளிஞ்சிருக்கும்" என்றார் இவர்.

அந்த மெண்டன்ஹால் பனியாற்றுக்குத்தான் போனோம். கப்பலில் விற்கிற சுற்றுலா வேண்டாம், உள்ளூர்க்காரர்கள் போகிற டவுன் பஸ்ஸில் போவோம் என்பது இவருடைய ஏற்பாடு. ஆளுக்கு இரண்டு டாலர், சில்லறையாக வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த பஸ் பனியாறு வரை போகாது. சுமார் ஒன்றரை மைல் முன்னால் இறக்கிவிடும், மிச்சம் நடை. எனக்கு முழங்கால் வலி. இவருக்கு ஏக சந்தோஷம். நாம் டூரிஸ்ட் மாதிரி வரவில்லை, ஊரோடு ஊராக வந்திருக்கிறோம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் வீடுகள், குழந்தைகளின் சைக்கிள்கள், கரடி திறக்க முடியாதபடி பூட்டுப் போட்ட குப்பைத் தொட்டி. இந்தப் பள்ளத்தாக்கில்தான் 2023 ஆகஸ்ட்டில் பனியாற்றின் பக்கத்துக் குழியில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு வந்து ஆற்றங்கரையில் ஒரு வீட்டையே கவிழ்த்தது. அந்த வீடியோவை நாம் எல்லாரும் வாட்ஸ்அப்பில் பார்த்திருக்கிறோம். நாங்கள் திரும்பி வந்த அடுத்த மாதமும் வெள்ளம் வந்து நிறைய வீடுகளுக்குள் புகுந்தது.

பனியாற்றைப் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது. 1962-ல் பார்வையாளர் மையம் கட்டியபோது ஜன்னலுக்கு அருகில் இருந்தது, இப்போது ஏரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நாங்கள் கரையோரம் ஒதுங்கிய ஒரு பனிக்கட்டியைத்தான் அதிக நேரம் பார்த்தோம். உள்ளங்கை அகலம். நம் வீட்டு ஃப்ரிட்ஜ் ஐஸ் போல வெள்ளையாக இல்லை, கண்ணாடியாக இருந்தது. உள்ளே ஊசிமுனை அளவில் காற்றுக் குமிழிகள் வரிசையாக நின்றன. கையில் வைத்திருந்தால் அவை ஒவ்வொன்றாக வெடிக்கிற சத்தம் கேட்கிறது, கடுகு தாளிக்க ஆரம்பிக்கும்போது முதல் இரண்டு மூன்று வெடிக்குமே, அதைவிட மெல்ல. விரல் மரத்துப்போகும்வரை காதருகே வைத்துக்கொண்டிருந்தேன். நகெட் அருவி வரை நடந்தோம், ஓடையில் சிவந்த சால்மன் மீன்களைப் பார்த்தோம், கரடி வரவில்லை. தலைக்கு மேலே ஹெலிகாப்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிமேட்டுக்குப் பணக்காரர்களை ஏற்றிக்கொண்டு போயின.

ஸ்டார் ஹில்லில் ஒரு திண்ணை

இரவு ஒன்பதுக்குள் கப்பலுக்குத் திரும்பினால் போதும். ஜூலையில் அந்த ஊரில் அப்போதும் வெளிச்சம் இருக்கும். டவுனுக்கு வந்த பிறகு நேரம் மிச்சமிருந்தது. கடைத்தெரு வேண்டாம் என்று மேடேறினோம். ஜூனோவில் சில தெருக்கள் தெருவாக ஆரம்பித்துப் பாதியில் மரப்படிக்கட்டாகிவிடும், படியேறினால் மேலே மறுபடியும் தெருவாகும். எண்கோண வடிவில் ஒரு சின்ன ரஷ்யத் தேவாலயம், 1894-ல் கட்டியது. அதைத் தாண்டி இன்னும் ஏறினால் ஸ்டார் ஹில். சுரங்கத் தொழிலாளர்கள் இருந்த சின்னச் சின்ன மரவீடுகள், சரிவில் ஒன்றின் தோளில் ஒன்றாக. ஒரு படிக்கட்டின் நடுவில் என் முழங்கால் போதும் என்றது. உட்கார்ந்துவிட்டேன். இவர் நிற்கிறார், அங்கே உட்காரக் கூடாது, யார் வீட்டு வாசலோ, எழுந்திரு என்கிறார். படிக்கு ஒட்டின வீட்டின் திண்ணையில் எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மாள், ஒரு தட்டில் ஏதோ பழம் ஆய்ந்துகொண்டிருந்தார். காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்த விரல் நுனிகள் ஆரஞ்சாக இருந்தன. சால்மன்பெர்ரி. தலையை நிமிர்த்தாமலே "உட்காரட்டும் விடுங்கள், அது நகராட்சிப் படி" என்றார்.

இவர் மன்னிப்புக் கேட்டார். ஒரு தடவை இல்லை. நாங்கள் கப்பலில் வந்தவர்கள்தான், உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு என்று எனக்குத் தெரியும், நானும் இதே மாதிரி ஒரு ஊர்தான், மலை, மழை, சீசன், அதனால்தான் டூர் பஸ் எடுக்காமல் டவுன் பஸ்ஸில் போனோம் என்று ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். அம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "டவுன் பஸ்ஸிலா? என் சிநேகிதி பள்ளத்தாக்கில் இருக்கிறாள். வெயில்காலத்தில் பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை. பனியாற்றுக்குப் போகிறவர்கள் ஏறிவிடுகிறார்கள்." கோபமாகச் சொல்லவில்லை. இன்று மழை என்று சொல்கிற குரலில் சொன்னார். இவர் முகத்தை நான் பார்க்கவில்லை, வேண்டுமென்றே படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் கேட்டார், எந்த ஊர் என்று. அன்றைக்கு அதைக் கேட்ட முதல் ஆள். இவர் ஊட்டியைச் சொன்னார். மே மாதத்தில் காய்கறி விலை ஏறுவது, குடிதண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது, காந்தலிலிருந்து மார்க்கெட் வருவதற்குள் விடிந்துவிடுவது. அம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். ஐந்து கப்பல் வந்தால் செல்போனில் சிக்னல் இழுக்கும். ஹெலிகாப்டர் சத்தத்தில் திண்ணையில் உட்கார்ந்து பேச முடியாது. புகார் சொல்ல ஒரு எண் இருக்கிறது, 1997-லிருந்தே நகராட்சி அப்படி ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது, கூப்பிட்டால் மரியாதையாகப் பேசுவார்கள். ஏப்ரலுக்குப் பிறகு ஃப்ராங்க்ளின் தெருவில் அவர் கால் வைக்கவில்லை. இனி அக்டோபரில்தான். சனிக்கிழமைகளில் கப்பலே வரக் கூடாது என்று ஒரு கூட்டம் கையெழுத்து வாங்கியது, அக்டோபரில் அதற்கு ஊரே வாக்களிக்கப் போகிறது. அதில் தானும் கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொன்னார். இவருக்குப் பழைய கூட்டாளியைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. சபாஷ் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில் அம்மாள் சாதாரணமாகக் கேட்டார்: "உங்கள் அப்பா அங்கே என்ன தொழில் செய்தார்?"

முப்பது வருஷத்துக்கு மேலாக இவர் வாயால் ஊட்டி சீசனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வசவில் இந்தப் பகுதி மட்டும் வராது. எனக்குத் தெரியும், ஆனால் நான் ஒருநாளும் கிளறியதில்லை. மாமனார் கமர்ஷியல் ரோடு பக்கம் ஆறடிக்கு எட்டடியில் தைலக்கடை வைத்திருந்தார். ஏப்ரலில் பீப்பாய் பீப்பாயாக யூகலிப்டஸ் எண்ணெய் வாங்கி வைத்து, வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து, புனல் வைத்துப் பாட்டிலில் ஊற்றி, மைதாப் பசையில் லேபிள் ஒட்ட வேண்டும். லேபிள் கோணலாக ஒட்டினால் பின்மண்டையில் ஒன்று விழும். மே ஒரு மாத வியாபாரத்தில்தான் வருஷம் முழுக்க அடுப்பெரிந்தது, இவர் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தார். புறங்கையில் ஒரு சொட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்து, ஒரிஜினல்தானா என்று கேட்டு, விலையைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிற மதுரை வேன்காரர்களின் காசு அது.

இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "டூரிஸ்டுகளுக்குத் தைலம் விற்றார்."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த பழம் இரண்டு உருண்டு படியில் விழுந்தது. "என் பேரன் திமிங்கிலம் காட்டுகிற படகில் வேலை செய்கிறான்" என்றார். கோடை முழுக்கச் சம்பாதிக்கிற பணத்தில்தான் குளிர்காலத்தில் படிக்கிறானாம். கப்பலில் வருகிறவர்கள் இல்லாவிட்டால் அந்தப் படகு ஓடாது. கையெழுத்துப் போட்டீர்களே, வாக்கும் அப்படித்தானே போடுவீர்கள் என்று இவர் கேட்டார். "கையெழுத்துப் போடும்போது ஹெலிகாப்டர் போய்க்கொண்டிருந்தது. வாக்குப் போடும்போது பேரன் வீட்டில் இருப்பான். பார்க்கலாம்." எங்களுக்கு ஒரு கை நிறையப் பழம் கொடுத்தார். புளிப்பு, லேசான கசப்பு, ஓடை நீரின் வாசனை. சுமாரான பழம்தான், உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால்.

யார் அதிகம்?

கப்பல் கிளம்பிய பிறகு பால்கனியில் உட்கார்ந்து எங்களுக்குள் நடந்த பேச்சை இங்கே முழுக்க எழுத முடியாது. இவர் கட்சி இதுதான்: வருமானம் வந்தது என்பதற்காக ஒரு ஊர் தன் தெருவை இழக்க வேண்டியதில்லை, அளவு வைக்கத்தான் வேண்டும். அளவு வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. 32,000 பேர் ஊரில் ஒரே மதியத்தில் பாதி ஊர் கணக்குக்கு ஆள் இறங்கினால் எந்த ஊரும் மூச்சு முட்டும். ஜூனோ இதில் கெட்டிக்கார ஊர். கப்பலில் வருகிற தலை ஒவ்வொன்றுக்கும் ஐந்து டாலர் வசூலிக்க 1999-லேயே மக்கள் வாக்களித்து முடிவு செய்துவிட்டார்கள். டிக்கெட்டோடு சேர்ந்து போய்விடுவதால் கொடுத்தது நமக்கே தெரியாது. அந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று கப்பல்காரர்கள் கோர்ட்டுக்குப் போய், கடைசியில் சமாதானமாகி, இப்போது உட்கார்ந்து பேசி எண்ணிக்கையும் குறிக்கிறார்கள். 2026 முதல் ஒரு நாளைக்கு வருகிற கப்பல்களில் எல்லாம் சேர்த்து 16,000 படுக்கைக்கு மேல் கூடாது, சனிக்கிழமை என்றால் 12,000. ஊரும் வியாபாரியும் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து போட்ட கணக்கு.

என் மனசில் உறுத்துவது வேறு. கூட்டம் அதிகம் என்று யார் சொன்னாலும், சொல்கிறவர் மனசில் ஒரு முகம் இருக்கிறது. ஊட்டியில் அந்த முகம் என் அப்பாவுடையது. ரோட்டோரம் உலை வைக்கிறவன், இலையைப் போட்டுவிட்டுப் போகிறவன், லாட்ஜ் ரூமில் எட்டுப் பேர் படுக்கிறவன், பேரம் பேசுகிறவன். ரிசார்ட்டில் தங்கி, ஒரு ஆளுக்கு ஒரு கார் வீதம் வந்து, இருபத்துநாலு மணி நேரமும் வெந்நீர் விட்டுக் குளித்துவிட்டுப் போகிறவரை யாரும் கூட்டம் என்று சொல்லிக் கேட்டதில்லை. அவர் விருந்தாளி. ஜூனோவிலும் பாருங்கள், ஹெலிகாப்டரில் போனவரின் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கிறது, ஆனால் அவர் நகரத்துக்குக் காசு கொண்டுவந்தவர். இரண்டு டாலர் பஸ்ஸில் ஏறி யாரோ ஒரு பாட்டியின் இருக்கையில் உட்கார்ந்த நாங்கள், அன்றைக்கு அந்த ஊரில் பஸ் காசு தவிரச் செலவழித்தது இரண்டு காபிக்கு. சாப்பாடு கப்பலில் இலவசமாகக் கிடக்கும்போது யார் வெளியில் சாப்பிடுவார்கள்? கப்பல் பயணத்தின் சாமர்த்தியமே அதுதான்: படுக்கை, சாப்பாடு, கடை, கூத்து எல்லாவற்றையும் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, ஊரிடம் மலையையும் மழையையும் மட்டும் கேட்கிறது. எங்கள் வேனாவது இரண்டு ராத்திரி தங்கியது, பால் வாங்கியது, விறகு வாங்கியது, ஸ்வெட்டரும் தைலமும் வாங்கியது.

இவர் இதற்குச் சொன்ன பதில், "உங்கப்பா குப்பை போடலைன்னு சொல்லு, ஒத்துக்கறேன்." போட்டார்தான். சின்ன வயதில் நானே தையல் இலைகளைச் சுருட்டிப் பள்ளத்தில் எறிந்திருக்கிறேன். ஆனால் பேச்சு அதைப் பற்றியதில்லை.

அக்டோபரில் ஜூனோ வாக்களித்தது. சனிக்கிழமைக்கு விடுமுறை வேண்டாம், கப்பல் வரட்டும் என்று பெரும்பான்மை சொன்னது. திண்ணை அம்மாள் எதற்குப் போட்டார் என்று இவர் இன்னமும் யோசிக்கிறார். நான் பேரனுக்குத்தான் போட்டிருப்பார் என்கிறேன். அதற்குள் நம் மலையிலும் கணக்கு ஆரம்பித்துவிட்டது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை உயர் நீதிமன்றம் எண்ணிக்கையே வைத்தது: நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வாரக்கடைசியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களுக்குத் தடையில்லை என்றதும் எனக்குக் கொஞ்சம் சமாதானம் ஆயிற்று. வாடகை வேனுக்கு பாஸ் வேண்டும். அப்பா இருந்திருந்தால் செல்போனில் அந்தப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் என்னைத்தான் கூப்பிட்டிருப்பார்.

அந்த ஏப்ரல் தொடக்கத்தில் இ-பாஸ் வேண்டாம் என்று நீலகிரியில் வியாபாரிகள் கடையடைத்தார்கள். தைலக்கடை இப்போது இவர் தம்பி கையில் இருக்கிறது. ஹோம்மேட் சாக்லேட்டும் சேர்த்திருக்கிறான். அவனும் ஷட்டரை இழுத்துவிட்டான் என்று தெரிந்ததும் இவர் போனைப் போட்டார். பக்கத்து ரூமில் இருந்த எனக்கே கேட்டது அவ்வளவு சத்தம். ஊர் நாசமாகப் போகிறது, தண்ணீர் இல்லை, மலை சரிகிறது, உனக்கு ரெண்டு காசு பெரிசாகப் போய்விட்டதா என்று பொரிந்து தள்ளினார். தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவன் பதிலும் காதில் விழுந்தது.

"அண்ணா, உன் ஃபீஸ் கட்டி முடிச்சாச்சு. என் பொண்ணுக்கு இன்னும் மூணு செமஸ்டர் இருக்கு. அப்புறம் பேசலாம்."